மென்மையாக உதைக்கும் தோட்டா
பந்தயக் கைத்துப்பாக்கியின் பின்னுதைப்பும் அதை அடக்கும் விஞ்ஞானமும்

துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இவ்விரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமானதும் எதிரானதுமான மறுவிசை உண்டு என்று 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் வகுத்த மூன்றாம் விதியே இதற்கு அடிப்படை. போர்க்களத்தில் இந்த உதைப்பைப் பெரிதாகப் பொருட்படுத்துவார் இல்லை. ஆனால் குறிபார்த்துச் சுடும் பந்தயத்தில் அதுவே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. 10 வினாடிகளுக்குள் 5 முறை சுட வேண்டிய ஒருவருக்கு, ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் மேலெழும் குழல்முனையை மீண்டும் இலக்குக்குக் கொண்டுவர ஆகும் நேரம் முழுவதும் நஷ்டமே.

இந்த நஷ்டத்தைக் குறைப்பதற்காகத் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பந்தயக்காரர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அங்கே ஒஹாயோ மாநிலத்தின் பெர்ரி முகாமில் 1907 முதல் தேசியப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. அங்கு வருவோரில் பலர் தம் வீட்டுப் பட்டறையில் அளந்து நிரப்பிய தோட்டாக்களையே கொண்டுவருகின்றனர். சிக்கனம் ஒரு காரணமாயினும், பின்னுதைப்பைத் தம் கைக்குப் பொருந்துமாறு அமைத்துக்கொள்வது அதனினும் முக்கியமான காரணமாகும்.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கொண்டது. முதலாவது, பித்தளையாலான கூடு. இரண்டாவது, கூட்டின் அடியில் பொருத்தப்படும் பிரைமர் எனும் தீமூட்டி. மூன்றாவது, கூட்டினுள் இடப்படும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் பதிக்கப்படும் குண்டு. சுட்ட பிறகு எஞ்சுவது கூடு மட்டுமே. அதைத் துப்புரவு செய்து, பழைய அளவுக்கு நெருக்கி, புதிய தீமூட்டியும் மருந்தும் குண்டும் இட்டால் மறுபடியும் தோட்டாவாகிறது.

இன்று பயன்படும் மருந்து 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயனியான பால் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்தின் வழிவந்தது. இதன் முக்கியப் பகுதி நைட்ரோசெல்லுலோஸ். இம்மருந்து கூட்டினுள் வெடித்துச் சிதறுவதில்லை. மிக வேகமாக எரிகிறது. எரிவதால் உண்டாகும் வாயுவின் அழுத்தமே குண்டைத் தள்ளுகிறது. மருந்துத் துணுக்குகளின் வடிவம், பருமன், மேற்பூச்சு ஆகியவற்றை மாற்றி, விரைந்து எரியும் வகைகளையும் நிதானமாக எரியும் வகைகளையும் தயாரிப்பாளர்கள் செய்கின்றனர். அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடும் என்பது இம்மருந்தின் இயல்பு. இந்த இயல்பை மறந்தவர்களுக்கே விபத்து நேர்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

உதைப்பை அளப்பது எப்படி?

பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். குண்டு பெறும் உந்தமும், அதன்பின் குழலிலிருந்து பாயும் வாயுவின் உந்தமும் சேர்ந்த தொகை எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. எனவே உதைப்பைக் கணக்கிட வேண்டுவன: குண்டின் நிறை, அதன் வேகம், மருந்தின் நிறை, துப்பாக்கியின் நிறை ஆகிய நான்கே.

.45 கைத்துப்பாக்கியை உதாரணமாகக் கொள்வோம். அதன் ராணுவத் தோட்டாவில் குண்டின் நிறை சுமார் 14.9 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 255 மீட்டர். குண்டின் உந்தம் ஏறக்குறைய 3.8 அலகு. (இங்கே அலகு என்பது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கிலோகிராம் பொருளின் உந்தம்.) பெர்ரி முகாமில் இலக்குப் பந்தயத்துக்கென நிரப்பப்படும் தோட்டாவிலோ சுமார் 12 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில் அனுப்பப்படுகிறது. அதன் உந்தம் 2.76 அலகு. உதைப்பில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! காகித இலக்கைத் துளைக்க இதுவே ஏராளம். ஆனால் இவ்வளவு மெலிந்த உதைப்பால் துப்பாக்கியின் மேற்சட்டம் முழுதும் பின்னே சென்று அடுத்த தோட்டாவை எடுத்துவர இயலாமற்போகலாம். ஆகையால் தோட்டாவை மென்மையாக்குவோர் சுருள்வில்லையும் மென்மையானதாக மாற்றிக்கொள்கின்றனர். தோட்டாவும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கீழ் எல்லை ஒன்று உண்டு

உதைப்பைக் குறைத்துக்கொண்டே போனால் பந்தயம் பொருளற்றதாகிவிடும் என்று கருதிய ஒரு சாரார் அதற்குக் கீழ் எல்லை வகுத்தனர். ஓடியும் திரும்பியும் பல இலக்குகளைச் சுடும் செயல்முறைப் பந்தயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 1976-இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் தோன்றியது. அதன் அமெரிக்கக் கிளை 1984-இல் அமைந்தது. இப்பந்தயங்களில் ‘ஆற்றல் எண்’ எனும் அளவு கையாளப்படுகிறது. குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். (ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.43 கிரெயின்.) பெயரில் ஆற்றல் என்ற சொல் இருப்பினும், உண்மையில் இது உந்தத்தின் அளவே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

அமெரிக்கக் கிளையின் விதிப்படி கீழ்வகுப்புக்கு 125-உம் மேல்வகுப்புக்குப் பெரும்பாலும் 165-உம் குறைந்தபட்ச எண்கள். 125 என்பது 2.47 அலகு உந்தம். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதற்குள்ள உந்தமும் இதுவே. நடுப்பகுதியில் பட்ட குண்டுக்கு இரு வகுப்பினர்க்கும் 5 புள்ளிகள். அடுத்த பகுதியில் மேல்வகுப்பினர்க்கு 4, கீழ்வகுப்பினர்க்கு 3. அதற்கும் வெளியே 2-உம் 1-உம். வலிய உதைப்பைத் தாங்குவோர்க்கு அதற்கான சலுகை இவ்வாறு அளிக்கப்படுகிறது. பெற்ற புள்ளிகளைச் செலவிட்ட வினாடிகளால் வகுத்தே வெற்றி முடிவு செய்யப்படுவதால், எல்லைக்குச் சற்று மேலே நின்று, உதைப்பை இயன்றவரை குறைத்துக்கொள்வதே எல்லோருடைய நோக்கமும் ஆகிறது.

கனத்த குண்டா, இலேசான குண்டா?

9 மி.மீ. கைத்துப்பாக்கியில் ஒரே ஆற்றல் எண்ணை இரு வழிகளில் அடையலாம். 7.45 கிராம் (115 கிரெயின்) குண்டை வினாடிக்கு 347 மீட்டர் வேகத்தில் அனுப்பலாம், அல்லது 9.53 கிராம் (147 கிரெயின்) குண்டை 271 மீட்டர் வேகத்தில் அனுப்பலாம். இரண்டிலும் குண்டின் உந்தம் 2.58 அலகு, ஆற்றல் எண் ஏறக்குறைய 131. ஆனால் இயக்க சக்தி வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. ஆதலால் இலேசான குண்டு 449 ஜூலும், கனத்த குண்டு 350 ஜூலும் கொண்டு செல்கின்றன. இந்தச் சக்தி மருந்திலிருந்தே வரவேண்டும். கனத்த குண்டுக்குக் குறைந்த மருந்தே போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

மருந்து குறைந்தால் அதன் வாயுவின் உந்தமும் குறையும். குழலை விட்டு வெளிவரும் வாயு, குண்டின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாய்கிறது என்பது கைத்துப்பாக்கிகளுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் மதிப்பு. கணக்குக்காக மட்டும், இலேசான குண்டுக்கு 0.35 கிராம் மருந்தும் கனத்த குண்டுக்கு 0.22 கிராம் மருந்தும் செலவாவதாக வைத்துக்கொள்வோம். வாயுவின் உந்தங்கள் முறையே 0.18, 0.09 அலகு ஆகும். மொத்தம் 2.77, 2.67 அலகு. வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம். 1.2 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியில் பின்னுதைப்பின் சக்தி 3.2 ஜூலிலிருந்து 3.0 ஜூலாக இறங்குகிறது.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். கணக்கின்படி இவ்வளவே. எனினும் கனத்த குண்டு மெதுவாகத் ‘தள்ளுகிறது’ என்றும், இலேசான குண்டு ‘அறைகிறது’ என்றும் பந்தயக்காரர்கள் கூறுவது வழக்கம். குழல்வாயில் எஞ்சியிருக்கும் வாயு அழுத்தமும் ஓசையும் குறைவதும் இந்த உணர்வுக்குக் காரணமாகும். அதே சமயம், துப்பாக்கியின் எடை செய்யும் உதவியை மறக்கலாகாது. அதே கனத்த குண்டைச் சுடும் துப்பாக்கியின் எடை 0.9 கிலோகிராமிலிருந்து 1.2 கிலோகிராமாக உயர்ந்தால், உதைப்பின் சக்தி 4.0 ஜூலிலிருந்து 3.0 ஜூலாக, அதாவது கால் பங்கு குறைகிறது. குண்டை மாற்றிப் பெறும் லாபத்தைவிட இது பன்மடங்கு பெரிது. ஆனால் எடையை விருப்பம்போல் கூட்ட விதிகள் இடந்தருவதில்லை. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் கைத்துப்பாக்கியின் எடை 1400 கிராமுக்கு மேற்படலாகாது.

உந்தம் ஒன்றேயாயினும் அது கைக்கு வந்து சேரும் கால அளவு வேறுபடலாம். சுமார் 12 சென்டிமீட்டர் குழலைக் கடக்கக் குண்டுக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே பிடிக்கிறது. ஆனால் மேற்சட்டமும் சுருள்வில்லும் அந்த உதைப்பை நீட்டித்து, சிறுகச் சிறுகக் கையிடம் ஒப்படைக்கின்றன. 2.67 அலகு உந்தம் வினாடியின் நூறில் 5 பங்கு நேரத்தில் கையைச் சேர்ந்தால் சராசரி விசை 53 நியூட்டன். நூறில் 8 பங்கு நேரத்தில் சேர்ந்தால் 33 நியூட்டன்தான். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னே இழுத்துக்கொள்வதும் இதே தத்துவத்தால்தான்.

குழல் கைக்கு மேலே அமைந்திருப்பதால் உதைப்பு வெறும் பின்தள்ளலாக நில்லாமல் திருப்புவிசையாகி முனையை மேலே தூக்குகிறது. குழலின் மையக்கோடு கைக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்குத் தூக்கமும் குறையும். 1950-களில் சோவியத் நாட்டில் குழல் கைமட்டத்துக்கே இறக்கப்பட்ட விசித்திரமான விரைவுத் துப்பாக்கி ஒன்று செய்யப்பட்டது. இன்றைய சர்வதேச விதிகளின்படி, குழலின் மையக்கோடு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சவ்வுக்கு மேலாகவே செல்லவேண்டும்.

வேகமானி

நிரப்பிய தோட்டா உண்மையில் எவ்வளவு வேகம் தருகிறது என்று அறியாமல் இக்கணக்குகள் பயன்படா. குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்து காட்டியவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வெளியான தம் நூலில் அவர் ஊசற்குண்டு முறையை விளக்கினார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பதே அம்முறை. மேற்சொன்ன கனத்த குண்டு 5 கிலோகிராம் கட்டையில் பதிந்தால் கட்டை வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகம் பெற்று, 1.4 சென்டிமீட்டர் அளவே உயரும். அந்தச் சிறு உயரத்திலிருந்து வினாடிக்கு 271 மீட்டர் என்ற பெரிய வேகத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பது உந்த அழிவின்மை விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இக்காலத்தில் ஒளியுணர் கருவிகள் இரண்டை ஓர் இடைவெளியில் வைத்து, குண்டின் நிழல் முதலாவதைக் கடந்து இரண்டாவதை அடையும் நேரத்தை மின்முறையில் அளக்கின்றனர். இடைவெளி 0.6 மீட்டரானால், மேற்படி குண்டு அதை ஆயிரத்தில் 2.2 வினாடியில் கடக்கும். பெரிய பந்தயங்களில் போட்டியாளரின் தோட்டாக்களில் சிலவற்றை அதிகாரிகள் எடுத்து, ஒன்றின் குண்டைப் பிரித்து எடைபோட்டு, மற்றவற்றைச் சுட்டு வேகம் காண்கின்றனர். ஆற்றல் எண் 125-க்குக் கீழே போனால் அவர் சுட்ட சுடுதல்களுக்குப் புள்ளியே இல்லை. மாதக்கணக்கில் செய்த பயிற்சி ஒரு சிறு எண்ணால் வீணாகிவிடும்!

ஆகவே எல்லையின்மேல் எவ்வளவு இடம் விடுவது என்பது நிதானிக்க வேண்டிய கேள்வி. 147 கிரெயின் குண்டுக்கு எல்லை வேகம் வினாடிக்கு 259 மீட்டர். சராசரியாக 262 மீட்டர் தரும் தோட்டா போதும் எனத் தோன்றலாம். ஆனால் தோட்டாக்கள் ஒன்றுபோல் இரா. சில 256-உம் சில 268-உம் காட்டலாம். குளிர்ந்த காலை வேளையில் பல மருந்துகள் வேகம் குறைவாகத் தரும். வேறொரு துப்பாக்கியின் குழலில் அதே தோட்டா வேறு வேகம் காட்டும். இக்காரணங்களால் அனுபவமுள்ளோர் ஏறக்குறைய 5 சதவீத இடம் விட்டு 130-ஐ ஒட்டி நிற்கின்றனர். சராசரியை மட்டும் நம்பாமல் அதைச் சுற்றியுள்ள சிதறலையும் காணவேண்டும் என்ற புள்ளியியல் பாடம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. வயலில் விளைச்சலை மதிப்பிடுவோருக்கும் இப்பாடம் புதிதன்று.

அபாயம் எங்கே?

மருந்து மிகுந்தால் அபாயம் என்பது எவரும் அறிந்தது. மருந்து மிகக் குறைந்தாலும் அபாயம் என்பதே பலர் அறியாதது. வாயு அழுத்தம் போதாமற்போனால் குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். சத்தம் வழக்கத்தினும் மெலிந்து கேட்கும். அதைக் கவனியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், பின்வரும் குண்டு முன்னதன்மேல் மோதிக் குழல் வீங்கவோ பிளக்கவோ நேரும். கையும் கண்ணும் பறிபோகக்கூடும். விரைவுப் பந்தயத்தில் அடுத்த விசையிழுப்புக்குக் கால் வினாடியும் இராது என்பதால் இந்த அபாயம் மிகக் கொடியது.

மென்மையான தோட்டாக்களுக்கு விரைந்து எரியும் மருந்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது கூட்டின் சிறு பகுதியையே நிரப்பும். ஆகையால் கவனக்குறைவாக ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுப்பதில்லை. விரைந்து எரியும் மருந்தின் இரட்டை அளவு துப்பாக்கியைச் சிதைக்கப் போதுமானது. குண்டைப் பதிக்குமுன் ஒவ்வொரு கூட்டையும் நல்ல வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது ஒருபோதும் விடக்கூடாத விதியாகக் கொள்ளப்படுகிறது.

குண்டைக் கூட்டினுள் சற்று அதிகமாக அமிழ்த்தினாலும் உள்ளிடம் குறைந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். அதனால் அழுத்தம் மேலும் ஏறும். 9 மி.மீ. போன்ற சிறு கூடுகளில் இது விரைவில் எல்லை மீறும். மாறாக, .38 போன்ற நீண்ட கூட்டில் மருந்து கொஞ்சமாக இருந்தால், அது தீமூட்டியின் அருகே கிடக்கிறதா, குண்டின் அருகே கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே வேகம் மாறுபடுவதுண்டு. இக்காரணங்களால் மருந்துத் தயாரிப்பாளர்கள் சோதனைச்சாலையில் அழுத்தத்தை அளந்து வெளியிடும் அட்டவணைகளே ஆதாரம். அவற்றின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மீறாமலிருப்பதே விவேகம். இன்னொருவரின் துப்பாக்கியில் நன்றாக இருந்த அளவைக் கேள்விப்பட்டுப் பின்பற்றுவது விவேகமன்று. ஈயக் குண்டுகளைக் கையாண்ட பின் கைகளை நன்கு கழுவாமல் உண்பதும் உடலுக்குக் கேடு.

இந்திய நிலை

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். ஆதலால் மேற்கூறிய பழக்கம் இங்கே வீட்டுத் தொழிலாக வேரூன்றவில்லை. எனினும் உதைப்பைப் பற்றிய அறிவு நம் வீரர்களுக்கும் இன்றியமையாததே. 1951-இல் இந்திய தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது முதல் இவ்விளையாட்டு வளர்ந்து வந்துள்ளது. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர்-பயர் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். 2006-இல் தோஹாவில் அதே போட்டியில் 590 புள்ளிகளுடன் அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தார். இப்போட்டியில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரையிலான குழல்கள் அனுமதிக்கப்படுகின்றன. ஆயினும் பலர் விரும்புவது .32 தோட்டாவையே. சுமார் 6.5 கிராம் ஈயக்குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர் வேகம், 1.5 அலகு உந்தம் என்ற அளவில் அது .38-ஐவிட மென்மையானது. விதி அனுமதிக்கும் வரம்பினுள் மிக மென்மையானதைத் தேர்வதே நோக்கம் என்பதற்கு இதுவும் சான்று.

ஒலிம்பிக்கின் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியிலும் இதே கதைதான். 5 இலக்குகளை 8, 6, 4 வினாடிகளில் சுடும் அப்போட்டியில் நெடுங்காலம் .22 குறுந்தோட்டா பயன்பட்டது. உதைப்பு மிகச் சிறிதாயிருந்ததே காரணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பின் விதி மாறி, வலிமை மிகுந்த .22 நீள்தோட்டா கட்டாயமாயிற்று. அந்தக் கடுமையான விதியின் கீழ்தான் 2012-இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

வகுப்பறைக்கு

இத்தத்துவத்தை விளக்க ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை. இலகுவாக உருளும் சிறு வண்டி ஒன்றின்மேல் சுருள்வில்லையோ இழுத்துக் கட்டிய ரப்பரையோ பொருத்தி, ஒரு முறை இலேசான கட்டையையும் மறுமுறை கனமான கட்டையையும் முன்னே உந்திவிடலாம். வண்டி எவ்வளவு பின்னே செல்கிறது என்று அளவுகோலால் அளக்கலாம். பிறகு வண்டியின்மேல் ஒரு செங்கல்லை ஏற்றி மறுபடி அளக்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து முறை செய்து சராசரியையும் சிதறலையும் எழுதிவைக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

மென்மையான தோட்டாவைத் தேடுவோரின் வெற்றியும் இந்த ஒழுங்கில்தான் அடங்கியிருக்கிறது. அவர்களிடம் மறைபொருள் எதுவும் இல்லை. துல்லியமான தராசு, நம்பகமான வேகமானி, நாள்தோறும் எழுதப்படும் குறிப்பேடு, எல்லை மீறாத பொறுமை ஆகிய நான்குமே அவர்களுடைய முதல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் புள்ளிகள் குறையும். பொறுமை குறைந்தால் மட்டும் புள்ளிகளோடு கையும் போகும்.